ஆறு நாற்பதுக்கு வருகிறவர்

திங்கட்கிழமை காலையில் காபி ஆறுவதற்குள் என் லேப்டாப்பின் நுழைவுப் பதிவைப் படித்து முடிப்பது என் வழக்கம். யார் எப்போது உள்ளே வந்தார்கள், எத்தனை நிமிடம் இருந்தார்கள், எப்போது வெளியேறினார்கள் என்று அது வரி வரியாகச் சொல்லும். பணிக்காலம் முழுவதும் பிறர் வருகைப் பதிவேட்டைப் பார்த்தவளுக்கு ஓய்வுக்குப் பிறகு தன் வருகையையாவது பார்க்க வேண்டாமா?

அந்தத் திங்கட்கிழமை பட்டியலில் என் பெயர் இருந்தது. அடுத்த வரியில் 'பாபு' என்று இருந்தது. காலை ஆறு நாற்பதுக்கு உள்ளே, ஆறு நாற்பத்தொன்றுக்கு வெளியே.

ஞாயிற்றுக்கிழமையும் பாபு, ஆறு நாற்பது. சனிக்கிழமையும் அதே நேரம்.

பாபு இறந்து அன்றோடு இருபத்து மூன்று நாள். காரியத்துக்கு நானே போய் வந்திருக்கிறேன். அவர் இருந்தவரை என் லேப்டாப்பைப் பார்க்க வந்து போனவர்தான் என்பதால், பழகிய பெயரைக் கண் மூன்று வாரமாகத் தாண்டிப் போயிருக்கிறது.

இறந்தவர் பெயரில் கையெழுத்து விழுந்த பதிவேடுகளை நான் அலுவலகத்தில் பார்த்ததுண்டு. பின்னால் எப்போதும் உயிரோடு இருக்கும் ஒரு சோம்பேறி இருப்பான். அம்பத்தூரில் என் வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

இன்னொன்றும் உறைத்தது. தினமும் ஆறு மணிக்கே லேப்டாப்பைத் திறந்து செய்தி படிக்கிறவள் நான். அந்த இருபத்து மூன்று நாளும் ஆறு நாற்பதுக்கு நான் அதே திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். யாரோ தோளுக்குப் பின்னால் வந்து நின்று, ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

காபியைக் குடிக்கவில்லை.

மண்ணூர்பேட்டை மாடி

பாபுவை எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்ற புதிதில் என் லேப்டாப் ஒரு பக்கம் திறக்க ஒரு பத்திரிகை படித்து முடிக்கும் நேரம் எடுத்துக்கொண்டது. கடைக்காரர் தூக்கிப்போடச் சொன்னார். வயதானதால் மெதுவாக இருப்பவற்றைத் தூக்கிப்போடும் கொள்கை எனக்கு உடன்பாடில்லை. யாரோ மண்ணூர்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை கூடும் லினக்ஸ் குழுவைச் சொன்னார்கள்.

லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்கும் ஒரு மென்பொருள். விலை கிடையாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், திருத்தலாம். கெட்டுப்போனால் புகார் கொடுக்க அலுவலகம் கிடையாது. அலுவலகம் இல்லாத இடத்தில்தான் மனிதர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறார்கள் என்பதை அறுபது வயதில் கண்டுபிடித்தேன்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டாக இருந்து மூடிய ஒரு மாடி. பத்துப் பன்னிரண்டு பேர். அம்பத்தூர் தொழிற்பேட்டையான எஸ்டேட்டின் பட்டறைக்காரர்கள் ஒரு பக்கம், ஃபிளாட்டில் குடியிருக்கும் ஐ.டி. காரர்கள் ஒரு பக்கம். நடுவில் பாபு. எஸ்டேட்டில், கம்ப்யூட்டர் சொல்படி இரும்பைக் கடையும் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறவர். தன் அப்பா கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில்தான் அந்தப் பட்டறை நிற்கிறது என்பார். அது பெருமையா எரிச்சலா என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை.

யாராவது "வேலை செய்யலை" என்று மொட்டையாகச் சொன்னால் பாபுவுக்குப் பிடிக்காது.

"அண்ணாத்தே, டாக்டராண்ட போய் ஒடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லிட்டு வந்துருவியா? ஸ்க்ரீன்ல இன்னா வந்துச்சோ அத்த அப்டியே எய்திக்கினு வா."

சரியான படிவத்தில் வராத மனுவைத் திருப்பி அனுப்பும் மனிதர். எனக்கு உடனே மரியாதை வந்துவிட்டது.

எதிர்ச்சாவி

வீட்டில் இருந்தபடியே ஒருவர் நம் கம்ப்யூட்டருக்குள் வந்து பழுது பார்க்க வேண்டுமென்றால் நாம் அவருக்கு ஒரு சாவி தர வேண்டும். சாவி என்றால் இரும்பு அல்ல, நீளமான ஒரு வரி எழுத்துக்கள். அதை நம் கம்ப்யூட்டரில் பதித்துவிட்டால் அவர் கதவைத் தட்டாமல் உள்ளே வரலாம், எதையும் திறக்கலாம்.

பாபு என்னிடம் அதைக் கேட்டபோது நான் ஆட்சேபித்தேன். "என் பீரோவுக்கு உங்ககிட்ட சாவி இருக்கும். உங்க பீரோவுக்கு என்கிட்ட இருக்காதா? இது எந்த விதியில இருக்கு?"

மாடியே சிரித்தது. பாபு சிரிக்கவில்லை.

"மேடம் சொல்றது கரீட்டு மச்சான். நான் அவங்க ஊட்டுக்குள்ள போனா அவங்களும் என் ஊட்டுக்குள்ள வரணும். அதே பவரோட."

அன்றிலிருந்து அது குழுவின் வழக்கமாயிற்று. உதவிக்கு உள்ளே வருகிறவர் தன் கம்ப்யூட்டருக்கும் அதே அதிகாரத்தோடு எதிர்ச்சாவி கொடுத்துவிட வேண்டும். நான் ஒரு நீள நோட்டில் கோடு போட்டேன். கொடுத்தவர், பெற்றவர், அதிகாரம், நாள், கையெழுத்து.

பாபுவின் கம்ப்யூட்டரில் எனக்கென்று ஒரு பெயரும் கடவுச்சொல்லும் உண்டாயின. "பேப்பர்ல எய்தாதீங்க மேடம், மனசுல வெச்சிக்கோங்க" என்றார். நான் வீட்டுக்கு வந்ததும் காகிதத்தில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, ஓரத்தில் கையெழுத்திட்டு பீரோவில் வைத்தேன். மாற்றுச் சாவி எப்போதும் ஒட்டிய உறையில்தான் இருக்க வேண்டும். அரக்கு வைக்காததுதான் குறை.

அந்தக் கவரை நான் பிறகு திறக்கவே இல்லை. அவர் வீட்டுக்குள் போக எனக்கு என்ன வேலை?

என் நோட்டில் ஒரு கலம் விட்டுப்போயிருந்தது. சாவி திரும்பப் பெற்ற நாள். அலுவலகத்தில் ஒருவர் பணிக்காலத்தில் இறந்தால், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் மேசையைத் திறந்து, பட்டியல் எடுத்து, சாவியை வாங்கி வைப்போம். அந்த மாடிக்கு வருகிறவர்களில் யாரும் சாவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பாபுவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

நான்கு நிமிடம்

நுழைவுப் பதிவைப் பார்த்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, ஆறு முப்பத்தைந்திலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆறு நாற்பதுக்கு வந்தார். இந்த முறை ஒரு நிமிடத்தில் போகவில்லை. லேப்டாப் உள்ளே கரகரவென்று எதையோ புரட்டிக்கொண்டே இருந்தது. நான்கு நிமிடம். பிறகு திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் எழுந்தது.

"மேடம், உங்க டிஸ்க் பழசாவுது. காப்பி எடுத்து வெச்சிக்கோங்க. — பாபு."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் திரும்பிப் பார்த்தேன்.

பிறகு செல்வினுக்குப் போன் செய்தேன். குழுவில் ஒருவர். நாகர்கோவில்காரர், அயப்பாக்கத்தில் ஃபிளாட், ஐ.டி. வேலை.

"என்ன மேடம் சொல்லுதீங்க?" என்று முதலில் சிரித்தார். பிறகு, "அது பாபு அண்ணன் மெஷின்ல நேரம் குறிச்சு வச்ச வேலை மேடம். தெனமும் தானா உங்க மெஷினுக்கு வந்து டிஸ்க் நல்லாருக்கான்னு பாத்துட்டுப் போவும். கோளாறு இருந்தா அந்த வரியக் காட்டும். அண்ணன் உயிரோட இருக்கும்போதே எழுதி வச்சிருப்பாரு" என்றார்.

"அப்படின்னா அவர் மெஷின் இன்னும் ஓடுதா?"

"ஓடணும்" என்றார்.

இறந்தவர் சொல்லிவிட்டார் என்பதால் மதியமே ஒரு வெளி டிஸ்க் வாங்கி வந்து, என் லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் அதில் நகல் எடுத்தேன். உயிரோடு இருப்பவர்கள் சொல்லி நான் எதையும் இவ்வளவு சீக்கிரம் செய்ததில்லை.

நீல விளக்கு

அன்று மாலை ஷேர் ஆட்டோவில் திருவேற்காடு போனேன். பாபுவின் வீடு இரண்டாவது மாடி. அவர் மனைவி கலா கதவைத் திறந்தாள். ஒரு தையல் கம்பெனியில் வேலை. நாலு வயசுப் பெண் யாழினி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஹாலில் பாபுவின் படம். மாலை காய்ந்திருந்தது. படத்துக்கு நேர் கீழே, மேசையில், கறுப்புப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. நீல விளக்கு நிதானமாக அணைந்து அணைந்து எரிந்தது. திரையில் 'பாபு' என்ற பெயரும், கடவுச்சொல் கேட்கும் காலிக் கட்டமும்.

"அத்த ஆஃப் பண்ண கை வர்ல மேடம்" என்றாள் கலா. "காத்தால ஒரு தபா உள்ள ஃபேன் வேகமா சுத்தும். அப்பா எய்ந்துட்டாருன்னு பாப்பா சொல்லுது."

"எத்தனை மணிக்கு?"

"ஆறே முக்காவுக்குள்ள. அது சுத்துச்சுன்னா நானும் எய்ந்து ஒல வெப்பேன்."

அது எங்கே போய் வருகிறது என்று நான் சொல்லவில்லை.

கலா எனக்கு டீ கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "உங்களாண்ட ஒன்னு கேக்கணும் மேடம். எங்க கண்ணாலத்துலேர்ந்து பாப்பா வரைக்கும் போட்டோ, வீடியோ எல்லாம் அதுலதான் கீது. வாரா வாரம் அதுல ஏத்திட்டு போன்லேர்ந்து அய்ச்சிடுவாரு. அடுத்தவன் கம்பெனி கம்ப்யூட்டர்ல நம்ம புள்ள மூஞ்சி எதுக்குன்னு. ராத்திரில பாப்பாவுக்கு கத சொல்லுவாரு, அதையும் புடிச்சி வெச்சிக்கீறாரு. இப்போ என்னாண்ட அவரு கொரலு கூட இல்ல மேடம். எடுக்க முடியுமா?"

செல்வினைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"முக்கியமான விசயம் மேடம். அண்ணன் டிஸ்க்கு முழுசையும் பூட்டி வச்சிருப்பாரு. இப்ப ஓடிட்டிருக்கதால அது தெறந்து கெடக்கு. ஒருதரம் ஆஃப் ஆச்சுன்னா மறுபடி கடவுச்சொல் கேக்கும். அது தெரியாம யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது. புதுசா வேற சொல் சேர்க்கணும்னாலும் பழைய சொல்லக் கேக்கும்."

இதைத்தான் இந்தக் குழுவில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். நம் பொருளை நம்மைத் தவிர யாரும் திறக்க முடியாது. 'நம்மை' என்பதில் மனைவி உண்டா என்று எந்த ஞாயிற்றுக்கிழமையும் யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

கலா தன் போனை என் பக்கம் நீட்டினாள். குடியிருப்போர் குழுவில் வந்த அறிவிப்பு. மறுநாள் பராமரிப்புக்காக மின்தடை, காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை.

எதிர்ச்சாவி! நான் எழுந்தே நின்றுவிட்டேன். என் பெயரில், பாபுவின் அதே அதிகாரத்தோடு, இந்தப் பெட்டிக்கு ஒரு வழி இருக்கிறது. ஒட்டிய கவர் பீரோவில் இருக்கிறது.

"இப்பவே போய் எடுத்தாந்துடலாமே மேடம்" என்றாள் கலா.

நான் கணக்குப் போட்டேன். நகல் எடுக்க இரண்டு மணி நேரம் ஆகும் என்று செல்வின் சொல்லியிருந்தார். காலை ஆறரைக்குத் தொடங்கினால் எட்டரைக்கு முடியும். அரை மணி நேரம் கையிருப்பு. "ஒன்பதுன்னு எழுத்துல கொடுத்திருக்காங்கம்மா. காலையில வரேன்" என்றேன்.

எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்! நானும் வாழ்நாள் முழுக்க எழுத்தில் கொடுத்தவள்தானே, அதன் மதிப்பு எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இரண்டடி தூரம்

புதன்கிழமை காலை ஆறேகாலுக்கு என் லேப்டாப், புது டிஸ்க், கவர் மூன்றோடும் போய்ச் சேர்ந்தேன். கலா விடுப்பு போட்டிருந்தாள். கவரைக் கத்தரித்தேன். பாபுவின் பெட்டிக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பை வைத்து, என் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தேன். முதல் முறையிலேயே உள்ளே விட்டது.

படங்கள் வருடம், மாதம் என்று வரிசையாக இருந்தன. கடைசியில் 'கதை' என்று தனியாக ஒன்று.

"மொதல்ல கத சொல்றத எடுங்க மேடம்" என்றாள் கலா.

"வரிசையா வரும்மா. பழசுலேர்ந்து எடுத்தாத்தான் விடுபடாது" என்று சொல்லி நகலைத் தொடங்கினேன். மூப்பு வரிசை. வேறு எப்படிச் செய்வதென்று எனக்குத் தெரியாது.

நகல் ஓடும்போது சும்மா இருக்க முடியாமல், பாபுவின் பெட்டியில் நுழைவுப் பதிவைத் திறந்தேன். அதில் என் பெயர் இருந்தது. நேற்று, முந்தாநாள், போன மாதம், போன வருடம். தினமும் ஆறு மணி சில நிமிடத்துக்கு.

நான் ஒருநாளும் அங்கே போனதில்லை.

பிறகுதான் புரிந்தது. அவர் என் லேப்டாப்புக்கு வர ஒரு வழி வேண்டுமல்லவா? நான் லேப்டாப்பைத் திறந்ததுமே அது தானாகக் கிளம்பித் திருவேற்காடு போய், அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி அமைத்திருக்கிறார். நான் செய்தி படித்துக்கொண்டிருந்த காலைகளிலெல்லாம் என் பெயரில் ஒன்று இந்த ஹாலில் நின்றிருக்கிறது. காரியத்தன்று நான் இங்கே வந்து பந்தியில் உட்கார்ந்தபோது, எனக்கு முன்பே வந்து நின்றிருக்கிறது.

மணி ஆறு நாற்பது. கறுப்புப் பெட்டியின் காற்றாடி திடீரென்று வேகமெடுத்தது. நீல விளக்கு படபடத்தது. கலா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எய்ந்துட்டாரு" என்றாள், சாதாரணமாக.

என் லேப்டாப்பில் புது வரி விழுந்தது. பாபு, ஆறு நாற்பது. இரண்டடி தூரத்திலிருந்து வந்திருந்தார். மூலையில் அந்தச் சின்னக் கட்டம். "மேடம், உங்க டிஸ்க் பழசாவுது."

"எடுத்துட்டேன் பாபு" என்று வாய்விட்டுச் சொன்னேன். கலா என்னை விநோதமாகப் பார்க்கவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

எட்டு பத்து

எட்டு பத்துக்கு மின்விசிறி நின்றது.

மேசைக்கடியில் இருந்த பேட்டரிப் பெட்டி, யு.பி.எஸ்., கத்த ஆரம்பித்தது. ஏழு நிமிடம் தாங்கும் என்று செல்வின் கணக்குச் சொல்லியிருந்தார். பேட்டரி பழையது. நான் நகலை நிறுத்தி 'கதை'க்குத் தாவ விரலை வைப்பதற்குள், நாலாவது கத்தலில், அதுவும் நின்றது. காற்றாடி மெதுவாகச் சுற்றி ஓய்ந்தது. நீல விளக்கு அணைந்தது, பிறகு எரியவில்லை.

அவ்வளவு அமைதியாக அந்த ஹால் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கலா பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தாள். "கண்ணாலம் வந்துட்சா மேடம்?"

"வந்துடுச்சு. பாப்பா பிறந்தது, நடந்தது, போன மாசம் வரைக்கும் எல்லாம் வந்துடுச்சு."

"கத?"

"அது மட்டும் வரலைம்மா" என்றேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். "பரவால்ல மேடம், டிபன் சாப்டுட்டுப் போங்க" என்றாள். இட்லியைச் சாப்பிட்டுவிட்டு மின்சாரம் வரும்வரை அங்கேயே இருந்தேன்.

மதியம் மின்சாரம் வந்ததும் பெட்டியைப் போட்டுப் பார்த்தோம். கறுப்புத் திரை, ஒரே வரி, துடிக்கும் ஒரு கோடு. கடவுச்சொல் கேட்டது. பெண்ணின் பெயர், கல்யாண நாள், பட்டறைப் பெயர், குலதெய்வம். செல்வின் போனில் சொல்லச் சொல்ல அடித்தோம். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், தவறு.

ஞாயிற்றுக்கிழமை கலாவுக்கு ஒரு நோட்டு கொண்டுபோனேன். நாள், போட்ட சொல், விளைவு என்று மூன்று கலம் கோடு போட்டிருந்தேன். போட்டதையே மறுபடி போடாமல் இருக்க. எனக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான்.

"ஒரு நாளைக்கு ஒன்னுதான் போடுவேன் மேடம்" என்றாள். "காத்தால எய்ந்ததும். எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டுத் தீத்துட்டா அப்பால இன்னா பண்றது?"

வருகை

மின்சாரம் போன மறுநாளிலிருந்து என் பதிவில் என் பெயர் மட்டும். ஆறு நாற்பது வரும், போகும். லேப்டாப் சத்தமில்லாமல் இருக்கும். பயந்த ஒன்று வராமல் போனால் நிம்மதி வர வேண்டும். எனக்கு வரவில்லை.

விதிப்படி பாபுவின் சாவியை என் லேப்டாப்பிலிருந்து நீக்கியிருக்க வேண்டும். செல்வின் இரண்டு முறை நினைவூட்டினார். "கோப்பு நிலுவையில இருக்கு" என்றேன். நிலுவையில் வைப்பதில் எனக்கு அனுபவம் உண்டு.

நோட்டு பாதி தாண்டிவிட்டதாகக் கலா ஒருமுறை சொன்னாள். என்னென்ன சொற்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு வீட்டுக்குள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சொற்கள் எவ்வளவு இருக்கும் என்று மட்டும் யோசித்தேன்.

மழை விடாமல் பெய்த ஒரு காலை. வழக்கம்போல லேப்டாப்பைத் திறந்து செய்தி படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே கரகரவென்று சத்தம். மூலையில் சின்னக் கட்டம்.

"மேடம், உங்க டிஸ்க் பழசாவுது."

பதிவைத் திறந்தேன். பாபு, ஆறு நாற்பது.

அவசரத்தில் கலாவின் எண் இரண்டு முறை தவறிப்போனது. மூன்றாவது முறை மணி அடித்தது. நெடுநேரம் கழித்து எடுத்தாள்.

"கலா, மெஷின்…"

"தொறந்துக்கிச்சு மேடம்" என்றாள். குரல் உடைந்திருந்தது. எந்தச் சொல் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. போனை மட்டும் வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில், ஓர் ஆண்குரல் கேட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"…அப்போ அந்த யானை இன்னா பண்ச்சு தெரியுமா?"

"இன்னா பண்ச்சுப்பா?" என்றது குழந்தை.

அந்தக் குழந்தைக் குரல் கதைப் பதிவிலிருந்து வந்ததா, அந்த நேரம் அந்த ஹாலில் எழுந்து நின்ற யாழினியுடையதா என்று எனக்குத் தெரியவில்லை. போனைக் காதில் வைத்தபடி, யானை என்ன செய்தது என்று முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.